பத்து மணிப் புட்டு

போனைத் திறந்தால் ஏதாவது ஒரு பொடி வந்து நிற்கிறது. "ஹோர்மோன் சமநிலைக்கு", "மாதவிடாய் சீராவதற்கு", "பிரச்சினையை வேரோடு களைய" என்று எழுதி, ஒரு போத்தல் படம், கீழே ஒரு வாட்ஸ்அப் இலக்கம். எங்கள் குடும்பக் குழுவில் கிழமைக்கு ஒருவராவது இப்படி ஒன்றைத் தட்டிவிடுவார்கள். கனடாவில் இருந்து மாமி அனுப்பினால், கொக்குவிலில் இருக்கும் சித்தி உடனே கைகூப்பும் படம் போடுவார். பிறகு யாரும் அதைப் பற்றிக் கதைக்க மாட்டார்கள். யாரோ ஒருத்தி இரகசியமாக வாங்கிக் குடிப்பாள்.

வேர் ஒன்று இருக்கிறது என்பதில் எனக்கு மறுப்பில்லை. அது போத்தலில் அடைத்து வராது, அவ்வளவுதான். யாழ்ப்பாணத்து வீடுகளில் அதைத் தேடுவதென்றால் குசினியிலும் சுவர் மணிக்கூட்டிலும் தேட வேண்டும் என்பது என் கட்சி. அதுவும் பிள்ளையின் கோப்பையில் மட்டும் தேடிப் பிரயோசனமில்லை, வீட்டில் எல்லோருடைய கோப்பையையும் பார்க்க வேண்டும்.

நான் டொக்டர் இல்லை. என் பெறாமகளுக்கு, அதாவது அக்காவின் மகளுக்கு, பி.சி.ஓ.எஸ். என்ற சூலக, ஹோர்மோன் கோளாறு என்று தெரிந்த பிறகு அவளோடு கிளினிக்குக்குப் போய்வந்தபோது கேட்டதும், பிறகு தேடி வாசித்ததும்தான் இங்கே வருகிறது.

அவளுக்கு அப்போது ஏ.எல். படிக்கும் வயது. மாதக்கணக்காக மாதவிடாய் வரவில்லை. நாடியில் முடி, முகம் நிறையப் பரு. கழுத்து மடிப்பில் ஒரு கறுப்புப் பட்டை வேறு. அக்கா அதை ஊத்தை என்று நினைத்து, முழுகும் நாளெல்லாம் பயத்தம்மா போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தார். தேய்க்கத் தேய்க்கத் தோல் சிவந்ததே தவிர கறுப்புப் போகவில்லை. அது ஊத்தை இல்லை. இரத்தத்தில் இன்சுலின் அளவுக்கு மிஞ்சி நிற்கும்போது கழுத்திலும் அக்குளிலும் தோல் தடித்துக் கறுக்கும். டொக்டர் முதலில் பார்த்தது ஸ்கான் றிப்போட்டை அல்ல, அந்தக் கழுத்தைத்தான்.

ஸ்கான் றிப்போட் அக்காவின் கைப்பையில் இருந்தது. தனியார் இடம் ஒன்றில் அவசரமாக எடுத்தது. "சூலகத்தில் நிறையக் கட்டி" என்று யாரோ சொல்ல, அக்கா இரண்டு இரவு நித்திரை கொள்ளவில்லை. ஸ்கானில் அப்படித் தெரிபவை கட்டிகளே அல்ல, முழுதாக முதிராமல் பாதியில் நின்றுபோன முட்டைப் பைகள். இள வயதில் ஒரு நோயும் இல்லாத பிள்ளைகளுக்கும் அப்படித் தெரியும். அதனால்தான் 2018இல் வந்து 2023இல் புதுப்பிக்கப்பட்ட சர்வதேச வழிகாட்டி, சாமத்தியப்பட்டு 8 வருடம் ஆகாத பிள்ளைக்கு ஸ்கானை வைத்து பி.சி.ஓ.எஸ். என்று முடிவுகட்ட வேண்டாம் என்கிறது. அந்த வயதில் மாதவிடாய் ஒழுங்கீனமும், ஆண் ஹோர்மோன் கூடியதன் அடையாளங்களும் சேர்ந்து இருக்க வேண்டும். எங்கள் பிள்ளைக்கு இரண்டும் இருந்தன. இந்த 8 வருடக் கணக்கைப் பெண்பிள்ளை வைத்திருக்கும் எல்லோரும் தெரிந்து வைத்திருந்தால் எத்தனையோ ஸ்கான் காசு மிஞ்சும், எத்தனையோ அம்மாமாருக்கு நித்திரையும் மிஞ்சும்.

சரி, இன்சுலினுக்கும் சூலகத்துக்கும் என்ன தொடர்பு? சோறோ பாணோ சீனியோ சாப்பிட்டால் இரத்தத்தில் குளுக்கோஸ் ஏறுகிறது. அதை எடுத்துக்கொள் என்று தசைக்கும் ஈரலுக்கும் சொல்வது சதையி சுரக்கும் இன்சுலின். சிலருடைய உடலில் தசை அந்தச் சொல்லைக் கேட்பதில்லை. செவிடன் காதில் ஊதிய சங்குதான். கேட்கவில்லை என்றால் உடம்பு என்ன செய்யும், இன்னும் பலமாக ஊதும். இன்சுலின் கூடிக்கொண்டே போகும். ஆனால் சூலகம் செவிடில்லை. அந்தச் சத்தம் முழுவதையும் கேட்டு, டெஸ்டொஸ்டிரோன் போன்ற ஆண் ஹோர்மோன்களை மேலதிகமாகச் செய்யத் தொடங்குகிறது. அதே இன்சுலின், டெஸ்டொஸ்டிரோனைக் கட்டி வைத்திருக்கும் ஒரு புரதத்தை ஈரல் செய்யும் அளவையும் குறைத்துவிடுகிறது. கட்டவிழ்ந்த ஹோர்மோன் நாடியில் முடியாகவும் முகத்தில் பருவாகவும் வெளியே வருகிறது. முட்டை முதிர்வது தடைப்படுகிறது, மாதவிடாய் தள்ளிப்போகிறது. பி.சி.ஓ.எஸ். உள்ள எல்லோருக்கும் கதை இப்படியே இல்லை, மெலிந்த பிள்ளைகளுக்கும் அது வரும். பரம்பரைக்கும் பங்கு உண்டு. ஆனாலும் இந்த இன்சுலின் கதை பெரும்பாலானவர்களுக்குப் பொருந்தும். தெற்காசியர்களான எங்களுக்கு, அதே நிறையுள்ள வெள்ளைக்காரரைவிட இன்சுலின் கேளாமை கூடுதலாகவே இருக்கிறது. அதனால்தான் எங்கள் பெண்களுக்கு இடுப்பு 80 சென்ரிமீற்றரைத் தாண்டினாலே கவனம் என்கிறார்கள்.

இப்போது அந்தப் பிள்ளையின் ஒரு நாளைப் பாருங்கள். விடிய ஐந்தரைக்கு ரியூசன். வெறும் வயிற்றில் சீனி போட்ட பால்தேத்தண்ணியும் இரண்டு மாரி பிஸ்கட்டும். பள்ளிக்கூடத்தில் இடைவேளைக்கு ஒரு றோல்ஸ். வீட்டுக்கு வந்து இரண்டரைக்கு ஒரு கோப்பை நிறையச் சோறு, மேலே கொஞ்சம் கறி. பிறகு பின்னேர ரியூசன், அதற்கு முன் இன்னொரு தேத்தண்ணி. இடையில் பேக்கரி பணிஸ் ஒன்று. இரவு வீட்டுக்கு வந்து குளித்து, கொப்பியை விரித்து, பத்து மணிக்குப் புட்டு. புட்டோடு சம்பலும் சொதியும், ஆசைக்கு ஒரு கதலிப்பழமும் சீனியும். அதன்பிறகு படிப்பா போனா என்று தெரியாத ஒரு நேரம். பன்னிரண்டரைக்குப் படுக்கை. திரும்ப நாலரைக்கு அலாரம்.

இந்த நாளில் குப்பைச் சாப்பாடு என்று கைகாட்ட ஒன்றும் பெரிதாக இல்லை. கோழிப் பொரியலும் இல்லை, சோடாவும் இல்லை. ஆனால் விடியக்காலையில் இருந்து சாமம் வரைக்கும் மாப்பொருள், அதன்மேல் மாப்பொருள். புரதம் என்று சொல்ல மத்தியானக் கறியில் ஒரு துண்டு மீன். சேர்க்கும் சீனியை நாளுக்குச் சக்தித் தேவையின் 5 வீதத்துக்குள் வைத்தால் நல்லது என்கிறது உலக சுகாதார நிறுவனம். அது ஏறத்தாழ 25 கிராம், ஆறு தேக்கரண்டி. யாழ்ப்பாணத்துத் தேத்தண்ணியில் இரண்டரைக் கரண்டி என்றால் மூன்றாவது தேத்தண்ணியோடு எல்லை தாண்டியாயிற்று. பணிஸில் இருக்கும் சீனி அந்தக் கணக்கில் வரவே இல்லை.

நித்திரையை யாரும் ஹோர்மோனோடு சேர்த்து நினைப்பதில்லை. சில நாள் நாலைந்து மணித்தியாலமே நித்திரை கொண்டால் போதும், நல்ல உடம்புக்காரருக்கும் இன்சுலின் கேட்கும் திறன் குறைந்துவிடும். மாலையில் இறங்க வேண்டிய கோர்ட்டிசோல் என்ற அழுத்த ஹோர்மோன் இறங்காமல் நிற்கும். பசி கூடும், அதுவும் இனிப்புக்கும் மாவுக்குமான பசி. அதைவிட, ஒரே அளவு புட்டைக் காலையில் சாப்பிடுவதும் இரவு பத்து மணிக்குச் சாப்பிடுவதும் உடம்புக்கு ஒன்றல்ல. நித்திரைக்கான மெலட்டோனின் ஏறும் நேரத்தில் சதையி மெத்தனமாகிவிடும், அப்போது உள்ளே போகும் மா இரத்தத்தில் கூடுதல் நேரம் நிற்கும். புட்டில் பிழையில்லை. அது வந்த நேரத்தில்தான் பிழை.

டொக்டர் மெட்போர்மின் குளிசை எழுதினார். சாப்பாட்டையும் நடையையும் பற்றிச் சொன்னார். நிறை கூடியிருப்பவர்கள் அதில் 5 முதல் 10 வீதம் குறைத்தாலே மாதவிடாய் திரும்பி ஒழுங்குக்கு வரும் வாய்ப்பு நன்றாகக் கூடும் என்றார். அக்கா வீட்டுக்கு வந்ததும் செய்த முதல் வேலை, பிள்ளைக்கு மட்டும் ஒரு தனிச் சட்டி வைத்தது. அவளுக்குக் குரக்கன் ரொட்டி இரண்டு, அவித்த போஞ்சி, உப்பில்லாத ஏதோ ஒரு தண்ணீர். பக்கத்தில் தம்பி கொத்துரொட்டிப் பார்சலைப் பிரிக்கிறான். அத்தான் வழமைபோல் புட்டைக் குவித்துச் சாப்பிடுகிறார். அத்தானுக்குச் சலரோகம் வந்து எவ்வளவோ காலம்.

எனக்குக் கோபம் வந்த இடம் இதுதான். தகப்பனுக்குச் சலரோகம், பிள்ளையைச் சுமந்தபோது தாய்க்குச் சீனி ஏறியது, அப்பாச்சிக்குக் கால் விரல் எடுத்தது. பிறகு பிள்ளையின் சூலகத்தில் அதே வேர் முளைக்கிறது. மற்றவர்கள் அதே சட்டியில் சாப்பிட, அவள் மட்டும் வேறு சட்டிக்குப் போக வேண்டுமாம். எந்தப் பதினெட்டு வயதுப் பிள்ளை அதைத் தொடர்ந்து செய்யும்? பி.சி.ஓ.எஸ்.ஸுக்கு இந்த உணவுமுறைதான் மற்றவற்றைவிட மேல் என்று எதையும் காட்ட ஆதாரம் இல்லை என்று அந்த வழிகாட்டியே சொல்கிறது. நீண்ட நாள் கடைப்பிடிக்கக்கூடிய சாப்பாடுதான் நல்ல சாப்பாடு. வீட்டுச் சட்டியே மாறினால்தான் அது நடக்கும்.

மாற்றம் பெரிய கண்டுபிடிப்பு ஒன்றுமில்லை. காலையில் ரியூசனுக்குப் போகமுதல் ஒரு முட்டை, இல்லாவிட்டால் முதல் நாள் ஊறப்போட்ட கடலை அவித்தது. சோறு கோப்பையின் கால்வாசி, மிச்சத்தில் கீரையும் கறியும் மீனும். முதலில் கீரையையும் மீனையும் சாப்பிட்டுவிட்டுச் சோற்றுக்குப் போனால் சீனி ஏறும் வேகம் குறைகிறது, இதைச் செய்ய ஒரு சதமும் செலவில்லை. சூடை மீன் வாங்குவதைக் குறைச்சலாக நினைக்கும் வீடுகள் உண்டு. விளைமீனுக்கும் பாரைக்கும் ஆசைப்பட்டு, விலையைப் பார்த்துவிட்டு ஒன்றும் வாங்காமல் திரும்புவார்கள். முள்ளோடு சாப்பிடக்கூடிய சூடையில் புரதமும் உண்டு, கல்சியமும் உண்டு, ஒமேகா கொழுப்பும் உண்டு. புளிவிட்டுத் தீயலாக வைத்தால் விளைமீனை நினைக்கவே தோன்றாது.

புட்டை விடவில்லை. யாழ்ப்பாணத்தில் புட்டை விடச் சொல்வது நடக்கிற காரியமா? அளவைக் குறைத்து, முருங்கையிலையையும் தேங்காய்ப்பூவையும் கூட்டி, முட்டைப் பொரியலோ மீன் குழம்போ சேர்த்து, எட்டு மணிக்குள் முடிப்பது என்று வந்தது. எட்டு மணிக்காக ரியூசன் ஒன்றை நிறுத்த வேண்டியிருந்தது. வீட்டில் பெரிய சண்டை அதில்தான் நடந்தது, சாப்பாட்டில் அல்ல.

ஒரு விசயத்தில் எங்கள் ஆட்களோடு எனக்கு ஒத்துவராது. குரக்கன் என்றாலும் ஒடியல் என்றாலும் பனங்கட்டி என்றாலும் எவ்வளவும் சாப்பிடலாம் என்ற நினைப்பு. பனங்கட்டி சீனியேதான், மண்ணின் மணம் உள்ள சீனி. குரக்கனில் நாரும் கல்சியமும் உண்டு, ஆனால் மாவாக அரைத்துக் குவித்துச் சாப்பிட்டால் அதுவும் மாப்பொருள்தான். இங்கே திருநெல்வேலியில் அம்மாச்சி உணவகத்துக்குப் போய் இலைக்கஞ்சி குடிப்பது நல்ல பழக்கம், நானும் குடிப்பேன். அதற்குக் கடித்துக்கொள்ள எத்தனை பனங்கட்டி என்பதில்தான் கணக்கு.

ஆனால் பழசு எல்லாம் சும்மா என்றும் சொல்ல மாட்டேன். சாமத்தியப்பட்ட பிள்ளைக்கு நல்லெண்ணெயும் முட்டையும் உழுத்தங்களியும் கொடுத்தார்கள். கருப்பையைப் பலப்படுத்த என்று அதற்கு ஒரு காரணம் சொன்னார்கள். காரணம் எப்படியோ, வளரும் பிள்ளைக்குப் புரதமும் கொழுப்பும் வேண்டும் என்று கை அறிந்து செய்த வேலை அது. வேடிக்கை என்னவென்றால் அந்தச் சில நாளோடு அது முடிந்துவிடும். தண்ணி வார்த்து, ஹோல் எடுத்து, வீடியோ பிடித்து முடிந்த பிறகு பிள்ளை திரும்ப பிஸ்கட்டுக்கும் தேத்தண்ணிக்கும் போய்விடும். நல்லூர்க் கோயில் திருவிழாவுக்குக் கொடியேறினால் இன்னொரு சிக்கல். 25 நாளும் மச்சம் இல்லை. வீடு சைவமாக இருப்பதில் ஒரு பிழையுமில்லை, ஆனால் மீனும் முட்டையும் போன இடத்துக்கு அப்பளமும் பாயாசமும் வடையும் வருகின்றன. பயறு, கடலை, பருப்பு, தயிர் என்று அந்த இடத்தை நிரப்பாவிட்டால் விரதகாலத்தில்தான் நிறை கூடும். பகல் முழுக்க ஒன்றும் இல்லாமல் இருந்து இரவு ஒரேயடியாக ஒரு வெட்டு வெட்டுகிறவர்களைப் பற்றிச் சொல்லத் தேவையில்லை.

நடை. தொண்ணூறுகளில் பொருளாதாரத் தடை, எரிபொருள் இல்லை, கரண்ட் இல்லை, எல்லோரும் சைக்கிள் மிதித்தோம். அந்தக் காலத்துக்கு ஏங்குவதற்கு ஒன்றுமில்லை, பசியும் பயமும் அதோடு வந்தவைதான். ஆனாலும் தசை வேலை செய்தது. தசை சுருங்கி விரியும்போது இன்சுலின் சொல்லாமலே குளுக்கோஸை உள்ளே இழுத்துக்கொள்ளும், செவிட்டுக் காதைச் சுற்றிப் போகும் வழி அது. 2022இல் பெற்றோல் வரிசை நீண்டபோது சைக்கிள் திரும்ப வந்தது, பெற்றோல் வந்ததும் ஸ்கூட்டி திரும்ப வந்தது. பெண்பிள்ளையை இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு ஒழுங்கையில் நடக்க விடவும் முடியாது, நாயும் மோட்டார்சைக்கிள் பெடியளும். பண்ணைக் கடற்கரைக்கு ஆளைக் கூட்டிக்கொண்டு போக எல்லா நாளும் தோதுப்படாது. ஆகவே வளவுக்குள் கிணற்றடியைச் சுற்றி ஒரு கால் மணித்தியாலம். அத்தானையும் அவள் இழுத்துக்கொண்டு போகிறாள். அத்தானின் சீனி இறங்கியதுதான் வீட்டில் முதலில் கண்ணுக்குத் தெரிந்த பலன். அவளுடைய மாதவிடாய் திரும்பிவர அதைவிடக் காலம் எடுத்தது, இப்போதும் சில மாதம் தள்ளும். நாடி முடிக்கு நூல் போடுகிறாள். எல்லாம் மாயமாக மறைந்துவிட்டது என்று எழுத எனக்கு மனமில்லை.

மூன்று மாதத்துக்கு மேல் வராமல் இருந்தால் மட்டும் சும்மா இருக்கக் கூடாது. கருப்பையின் உள்தோல் உரியாமல் தடித்துக்கொண்டே போவது பின்னாளில் ஆபத்தாகலாம். அதற்குக் குளிசை தருவார்கள், போட வேண்டும்.

சாப்பாடும் நடையும் எட்டாத ஹோர்மோன் சிக்கல்களும் இருக்கின்றன. தைரொயிட் அதில் முக்கியமானது. இலங்கையில் 1995 முதல் உப்புக்கு அயடீன் சேர்ப்பது கட்டாயம், நாங்கள் கடல் மீனும் சாப்பிடுகிறோம். அதனால் இன்றைக்குத் தைரொயிட் குறைந்து வருகிறவர்களில் பலருக்கு அயடீன் காரணமில்லை, உடலின் எதிர்ப்புசக்தியே சுரப்பியைத் தாக்குவதுதான் காரணம். கோவா சாப்பிடாதே, மரவள்ளி சாப்பிடாதே என்று ஒரு பட்டியலைக் கையில் கொடுத்தால் அந்தச் சுரப்பி திரும்பி வராது. நன்றாக அவித்த கோவாவும் மரவள்ளியும் அளவோடு சாப்பிட்டால் ஒன்றும் செய்யா. தைரொக்சின் குளிசைதான் மருந்து. அதை எடுக்கும் விதத்தில்தான் எங்கள் சனம் கோட்டை விடுகிறது. பக்கத்து வீட்டு அன்ரி ஒருவர் விடிய எழும்பிப் பால்தேத்தண்ணியோடு சேர்த்தே விழுங்கிக்கொண்டிருந்தார், டோஸ் கூடிக்கொண்டே போனது. வெறும் வயிற்றில் தண்ணீரோடு போட்டு, அரை மணித்தியாலம் முதல் ஒரு மணித்தியாலம் கழித்தே தேத்தண்ணி. இரும்பு, கல்சியக் குளிசைகளுக்கு நாலு மணித்தியால இடைவெளி. இதைச் சொன்னபோது அவர், "என்ன பிள்ளை, விடிய எழும்பி ஒரு மணித்தியாலம் தேத்தண்ணி இல்லாமலோ?" என்றார். குளிசையைவிடப் பெரிய தியாகம் அவருக்கு அதுதான்.

லஞ்ச்சீற்றில் கொதிக்கக் கொதிக்கச் சோறு கட்டுவது இன்னொன்று. பிளாஸ்ரிக்கில் இருக்கும் சில இரசாயனங்கள் ஹோர்மோன்போல் நடிக்கக்கூடியவை, சூடும் எண்ணெயும் அவற்றை இளக்கி எடுக்கும். பொலித்தீன் லஞ்ச்சீற் 2017இலேயே தடைசெய்யப்பட்டது. இந்த இரசாயனங்களைக் காரணம் காட்டி எல்லாப் பழியையும் பிளாஸ்ரிக் மேல் போடுகிறவர்களோடு எனக்கு ஒத்துவராது, ஆனால் வாழையிலை கிடைக்கும் ஊரில் அதில் கட்டுவதற்கு என்ன தடை?

பொடிகளுக்கு வருகிறேன். கைதடியில் சித்த மருத்துவத்தைப் பல்கலைக்கழகமே கற்பிக்கிறது. படித்துப் பதிந்த வைத்தியரிடம் போகிறவர்களை நான் குறைசொல்ல மாட்டேன், இங்கிலிஷ் மருந்து என்ன எடுக்கிறீர்கள் என்பதை மட்டும் அவரிடம் சொல்லுங்கள். முகம் தெரியாதவன் போத்தலில் அனுப்புவது வேறு. மெலிவதற்கு என்று விற்கும் மூலிகைப் பொருள்களுக்குள், இதயத்துக்குக் கேடு என்று தடைசெய்யப்பட்ட சிபுட்ரமின் ஒளித்துக் கலந்திருந்ததை வெளிநாட்டு மருந்துக் கட்டுப்பாட்டு நிறுவனங்கள் திரும்பத் திரும்பப் பிடித்திருக்கின்றன.

கடைசியாகக் கலியாணம். அது இல்லாமல் யாழ்ப்பாணத்தில் எந்த நோயைப் பற்றியும் கதைக்க முடியாது. "கட்டிக் குடுத்தால் எல்லாம் சரி வரும்" என்று என் காதுபடவே சொன்ன பெரியவர்கள் உண்டு. கலியாணம் இன்சுலினை இறக்கியதாக எங்கும் நான் வாசிக்கவில்லை. அடுத்தது, மாப்பிள்ளை வீட்டுக்குத் தெரியக்கூடாது என்று கிளினிக் கொப்பியை அலுமாரிக்குள் ஒளிப்பது. இந்தக் கதைகளில் ஆண்பிள்ளைகள் வருவதே இல்லை. வயிறு வைத்த ஆணின் கொழுப்பு, அவனுடைய டெஸ்டொஸ்டிரோனை ஈஸ்ட்ரோஜனாக மாற்றிக்கொண்டிருக்கும். 2011இல் வெளியான சிகாகோப் பல்கலைக்கழக ஆய்வு ஒன்றில், ஒரு கிழமை முழுக்க இரவுக்கு ஐந்து மணித்தியாலம் மட்டும் படுத்த இளைஞர்களுக்குப் பகல்நேர டெஸ்டொஸ்டிரோன் 10 முதல் 15 வீதம் இறங்கியது. ஆணுக்கு இடுப்பு எல்லை 90 சென்ரிமீற்றர். எங்கள் கலியாண வீடுகளில் அதற்குள் நிற்கும் மாப்பிள்ளைத் தோழர்களை எண்ண ஒரு கை போதும்.

போன மாதம் தெரிந்த அம்மா ஒருவர் ஒரு சடங்கு வீட்டில் என்னை ஓரமாகக் கூப்பிட்டார். மகளுக்குப் பொருத்தம் சரிவந்துவிட்டதாம், பி.சி.ஓ.எஸ். இருக்கிறதைப் பெடியன் வீட்டுக்குச் சொல்வதா விடுவதா என்று கேட்டார். "சொல்லுங்கோ அக்கா. சொல்லிப்போட்டு, பெடியன்ர வெறும்வயித்துச் சீனி எவ்வளவு, இடுப்பு எவ்வளவு எண்டும் கேளுங்கோ" என்றேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "உமக்கு எல்லாம் பகிடி" என்று சொல்லிப் பலகாரத் தட்டை நீட்டினார்.